பராபரன்: வழக்கொழிந்த ஒரு திருமறைச் சொல்லின் வரலாறு

வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாகச் செல்லும் சாலை ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் ஒடுகத்தூரை அடைகின்றது. அங்கிருந்து மேலே ஏறினால் பீஞ்சமந்தை முதலிய மலையூர்கள். கீழே உத்தரகாவேரி ஆறு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூரை அடுத்த ஒரு சிற்றூரில், இறையியல் மாணவர் ஒருவருடன் ஒரு வீட்டுக் கூட்டத்தில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. இறுதி மன்றாட்டை முதியவர் ஒருவர் ஏறெடுத்தார். "பராபரனே, மகா பரிசுத்தமுள்ளவரே" என்று தொடங்கி, மழைக்காகவும், மலையின்மேல் வாழும் மக்களுக்காகவும், நோயுற்ற தம் மனைவிக்காகவும் நீண்ட நேரம் மன்றாடினார்.

திரும்பி வரும் வழியில் அம்மாணவர், "ஐயா, பெரியவர் நல்ல விசுவாசிதான். ஆனால் பராபரன் என்பது இந்து சமயத்தார் சொல் அல்லவா? அதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா?" என்று கேட்டார். நான் உடனே விடை கூறவில்லை. மறுநாள் அம்முதியவரைத் தனியே கண்டு அச்சொல் எங்கிருந்து வந்தது என வினவினேன். "எங்க அம்மா பிறந்தது தரங்கம்பாடிப் பக்கம், ஐயா. அவங்க வேதபுஸ்தகத்தில அப்படித்தான் இருந்தது. அவங்க செபம் பண்ணதும் அப்படித்தான்" என்றார் அவர். மாணவர் அந்நியச் சொல் என எண்ணியது, அம்முதியவருக்குத் தாய் கற்பித்த திருமறைச் சொல்லாக இருந்தது.

இவ்விருவருள் எவர் சொல்வது சரி? ஒரு வகையில் இருவர் சொல்வதும் சரியே. அது எங்ஙனம் என்பதை அச்சொல்லின் வரலாறு காட்டும். அவ்வரலாறு தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில் ஒரு பகுதியாகும். நாளைய போதகர்கள் அதனை அறியாதிருத்தல் தகாது.

1. ஆங்கிலத் திருச்சபையின் அனுபவம்

இவ்வகைச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. நம் மாணவர்களிற் பலர் 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருமறையைப் பயில்கின்றனர். அதில் பரிசுத்த ஆவியைக் குறிக்க 'ஹோலி கோஸ்ட்' என்னும் தொடர் பெரிதும் வழங்குகின்றது. இன்றைய ஆங்கிலத்தில் 'கோஸ்ட்' என்றால் பேய் என்பதே பொருள். முதன்முறையாக அதைக் காணும் மாணவர் திகைப்பது இயல்பே.

ஆனால் பண்டை ஆங்கிலத்தில் அச்சொல் மூச்சு, உயிர், ஆவி என்னும் பொருள்களைத் தந்தது. ஜெர்மானிய மொழியில் இன்றும் ஆவியைக் குறிக்கும் 'கைஸ்ட்' என்பது அதன் உடன்பிறப்பு. காலப்போக்கில் லத்தீனிலிருந்து வந்த 'ஸ்பிரிட்' என்னும் சொல் மேன்மையான பொருளைத் தன்வயமாக்கிக்கொண்டது; பழைய சொல்லுக்கு இறந்தோரின் தோற்றம் என்னும் பொருளே எஞ்சியது. 1600ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பெற்ற சேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில், இறந்த அரசன் மகனுக்குத் தோன்றும் காட்சியில் அச்சொல் ஆள்வது இப்பொருளைத்தான். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வெளிவந்த திருமறையிலோ அதே சொல் தூய ஆவியாரின் பெயராக நின்றது. ஒரே தலைமுறையில் ஒரே சொல் நாடக மேடையில் ஒரு பொருளையும் ஆலயத்தில் மற்றொரு பொருளையும் தந்ததென்பது எண்ணத்தக்கது.

1881இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பின் புதிய ஏற்பாடு அப்பழஞ்சொல்லைப் பெரும்பாலான இடங்களில் விட்டுவிடவில்லை. 1901இல் வெளியான அமெரிக்கப் பதிப்பே அதை நீக்கியது. வழிபாட்டுப் பாக்களிலும் துதிமொழிகளிலும் அது அதன் பின்னரும் நெடுநாள் வாழ்ந்தது. 'லெட்' என்னும் சொல் அப்பழைய பதிப்பில் 'தடைசெய்' என்னும் பொருளிலும், 'பிரிவென்ட்' என்னும் சொல் 'முந்திச்செல்' என்னும் பொருளிலும் வருவதும் இத்தகையனவே. வேதத்திலுள்ள ஒரு சொல் மாறாமல் நிற்க, அதனைச் சூழ்ந்த மொழி நகர்ந்து சென்றுவிடுகின்றது. அப்பொழுது அச்சொல்லின்மேல் குற்றம் சுமத்துவது எளிது. அது கடந்துவந்த வழியை அறிவது கடினம்.

2. கடவுட்பெயரைத் தேடிய முன்னோர்

தமிழில் கிறிஸ்தவ நூல் எழுதப் புகுந்த ஒவ்வொருவரும் எதிர்கொண்ட முதல் வினா, படைத்தவரை எப்பெயரால் அழைப்பது என்பதே. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சேறிய, 16 பக்கமுடைய அண்ட்ரிக் பாதிரியாரின் நூல் 'தம்பிரான் வணக்கம்' எனப் பெயர் பெற்றது. தம்பிரான் என்பது தலைவனை, ஆண்டவனைக் குறிக்கும் சொல். சைவ மடங்களிலும் வழங்குவது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி 'சர்வேசுரன்' என்னும் சொல்லை நிலைநாட்டினார். எல்லாவற்றிற்கும் ஈசுவரன் என்பது அதன் பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் அதை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகப் போற்றினர்.

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமக்கு முன்னிருந்த இச்சொல்லையே தம் புதிய ஏற்பாட்டில் ஆண்டார். அது 1715இல் அச்சிட்டு முடிக்கப்பெற்றது. எனினும் அவர் தமிழரின் சமயத்தைக் கூர்ந்து ஆய்ந்தவர். 1713இல் அவர் எழுதி முடித்த 'மலபார் தெய்வங்களின் வமிசாவளி' என்னும் நூல் அவர் காலத்தில் அச்சேறவில்லை; 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. எல்லாத் தெய்வங்களுக்கும் மேலாக உருவமற்ற ஒரு முழுமுதற்பொருளைத் தமிழர் ஒப்புக்கொள்கின்றனர் என்றும், அதனைப் 'பராபரவஸ்து' என்று அழைக்கின்றனர் என்றும் அதில் அவர் குறித்துள்ளார். அவ்வாறு அவர் செவியில் விழுந்த சொல்லின் மற்றொரு வடிவமே பின்னர்த் திருமறைக்குள் நுழைந்தது.

3. சொல்லின் பொருள்

பரம் என்பது மேலானது, அப்பாலானது. அபரம் என்பது அதற்கு மாறாக இப்பாலானது, அண்மையிலுள்ளது. முண்டக உபநிடதம் அறிவைப் பரவித்தை என்றும் அபரவித்தை என்றும் இரண்டாகப் பகுக்கின்றது. பிரசின உபநிடதம் ஓங்காரத்தைப் பரமும் அபரமுமான பிரமம் எனக் கூறுகின்றது. இவ்விரு சொற்களின் புணர்ச்சியே பராபரம். மேலானவற்றிற்கெல்லாம் மேலானது என்னும் பொருளிலும் இச்சொல்லை வழங்குவதுண்டு. எவ்வாறு கொள்ளினும், எல்லாவற்றையும் கடந்து நிற்பதும், கடந்து நின்றே அனைத்தோடும் இயைந்திருப்பதுமான முழுமுதலை அது சுட்டுகின்றது.

தமிழ் இலக்கியத்தில் இச்சொல்லுக்குப் பெருவாழ்வு தந்தவர் தாயுமானவர். சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்த காலத்தில் திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கர் ஆட்சி தொடங்கியது. அவ்வரசவையில் பணிபுரிந்து துறவு பூண்ட தாயுமானவர் பாடிய 'பராபரக்கண்ணி' 389 கண்ணிகளைக் கொண்டது. ஒவ்வொரு கண்ணியும் பராபரத்தை விளித்தே முடிகின்றது. அடுத்த நூற்றாண்டில் சென்னை இராயபுரத்தில் வாழ்ந்த இசுலாமிய ஞானியாகிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவ்வழியைப் பின்பற்றித் தாமும் ஒரு பராபரக்கண்ணி பாடினார். சைவ ஞானி ஒருவரும் இசுலாமியச் சூஃபி ஒருவரும் ஒரே சொல்லால் இறைவனை அழைத்த அக்காலப் பகுதியில், கிறிஸ்தவத் திருமறையும் அதே சொல்லால் அவரை அழைத்தது. மூன்று சமயத்தாரும் பொதுவாக ஆண்ட கடவுட்பெயர்களுள் இதுவும் ஒன்று என்பதை மறத்தலாகாது. ஆகவே அது இந்து சமயத்தார் சொல் என்னும் மாணவரின் கூற்று பொய்யன்று. ஆயின் முழு உண்மையும் அன்று.

4. பப்ரிசியஸ் செய்த மாற்றம்

யோவான் பிலிப் பப்ரிசியஸ் 1740இல் இந்தியாவுக்கு வந்து, 1742 முதல் சென்னை வேப்பேரியில் பணியாற்றினார். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானபோது அங்கிருந்து கொண்டுவரப்பெற்ற அச்சு இயந்திரம் வேப்பேரி மிஷனுக்கு வந்து சேர்ந்தது. 1779இல் வெளியான அவருடைய தமிழ் – ஆங்கில அகராதி பிற்கால அகராதிகள் பலவற்றிற்கு அடிப்படையாயிற்று. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றையும் அவர் தமிழாக்கினார். ஆயினும் அவர் வாழ்நாட் பணியாக அமைந்தது திருமறை மொழிபெயர்ப்பே. 1791இல் அவர் மறைந்தார். பழைய ஏற்பாடு முழுவதும் 1796இல் வெளிவந்து நிறைவுற்றது.

சர்வேசுரன் என்னும் சொல்லை விடுத்துப் பராபரன் என்பதை இம்மொழிபெயர்ப்பு கைக்கொண்டது. ஈசுவரன் என்னும் சொல் சிவபெருமானின் பெயராக மக்கள் நாவில் நின்றதால், எல்லாச் சமயத்தாரும் முழுமுதலுக்குரியதெனக் கருதிய சொல் அவர்க்கு ஏற்றதாகத் தோன்றியிருத்தல் கூடும். ஆனால் ஈண்டு நாம் உற்று நோக்கவேண்டியது ஒரே ஓர் எழுத்தின் மாற்றமாகும். தாயுமானவர் விளித்தது பராபரத்தை. சீகன்பால்கு கேட்டது பராபரவஸ்து. இரண்டும் அஃறிணை வடிவங்கள். பப்ரிசியஸ் எழுதியதோ பராபரன். மகர ஈறு னகர ஈறாயிற்று. 'அது' என்பது 'அவர்' ஆயிற்று. உருவமும் குணமும் கடந்த பொருளைக் குறித்த சொல் பேசுகின்ற, அழைக்கின்ற, உடன்படிக்கை செய்கின்ற ஒருவரின் பெயராக அங்கு நின்றது. ஆண்பால் வடிவம் அவர் புதிதாகப் படைத்ததன்று. சைவ வழக்கில் பராபரன் என்பதும், சக்தியைக் குறிக்கும் பராபரை என்பதும் உண்டு. ஆபிரகாமோடும் மோசேயோடும் பேசிய கடவுளின் பெயராக அதை ஆதியாகமம் முதல் தொடர்ந்து வைத்தபோது, அச்சொல்லுக்குள் ஒரு புதிய கதை புகுந்தது. சொல் பழையது, அது பங்குகொண்ட வரலாறு புதிது. எபிரெயருக்கு முன்னிருந்த 'ஏல்' என்னும் கானானியச் சொல்லும், கிரேக்கரின் 'தெயோஸ்' என்னும் சொல்லும் இதே வழியாகத்தான் திருமறைக்குள் வந்தன என்பதை இறையியல் பயில்வோர் அறிவர்.

5. சொல் விலகிய வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பப்ரிசியசின் மொழிபெயர்ப்புக்குக் குறைகள் கூறப்பெற்றன. மூலத்தை ஒட்டிய அதன் நடை கடினமானது என்றனர். பாளையங்கோட்டையில் பணியாற்றிய ரேனியஸ் எளிய தமிழ்நடையை நாடித் திருத்திய புதிய ஏற்பாடு 1833இல் வெளிவந்தது. அத்திருத்தங்களைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். சுவார்ச்சையரின் மாணாக்கராகிய அவர் பப்ரிசியசின் மொழியில் வளர்ந்தவர். அவர் எதிர்ப்பைப் பழமைப் பற்று என ஒதுக்குவோர் உண்டு. ஆனால் அது ஒரு சபையின் நினைவு, தன்னைக் கலந்துகொள்ளாது செய்யப்பெற்ற மாற்றத்தை நோக்கி எழுப்பிய குரல் என்பதே பொருத்தம். வேதத்தின் சொற்களை மாற்றும் உரிமை எவருக்கு உண்டு என்று கேட்ட தமிழ்க் கிறிஸ்தவர்களுள் அவர் தலையாயவர்.

யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் தலைமையில், ஆறுமுக நாவலரின் துணையுடன் உருவான மொழிபெயர்ப்பு 1850இல் வெளியாயிற்று. இவ்வாறு பல பதிப்புகள் வழங்கியதால் சபைகளிடையே பிளவு தோன்றும் நிலை ஏற்பட்டது. அதைத் தவிர்க்க, போவர் ஐயரின் தலைமையில் ஒரு குழு கூடி உழைத்தது. அதன் பயனாக 1871இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பே இன்றும் நம் ஆலயங்களில் பெரும்பாலும் வாசிக்கப்பெறுவது. அதில் பராபரன் என்பதற்கு ஈடாகத் 'தேவன்' அமைந்தது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மையையும் நேர்மையாகக் கூறவேண்டும். பராபரன் என்னும் சொல்லுக்கு வழக்கில் பன்மை இல்லை. எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் மெய்க்கடவுளையும் பிற தெய்வங்களையும் ஒரே சொல் குறிக்கின்றது. பத்துக் கட்டளைகளின் முதற்கட்டளையும், 82ஆம் சங்கீதமும், அச்சங்கீதத்தை இயேசு எடுத்தாளும் யோவான் 10ஆம் அதிகாரமும் இந்த ஒருமை பன்மை உறவின்மேல் நிற்கின்றன. தேவன், தேவர்கள் எனும்போது அவ்வுறவு தமிழில் விளங்குகின்றது; பராபரன் என்பதால் அது இயலாது. தேவன் என்பது சிறிய சொல். எளிதில் நாவில் நிற்பது.

இழப்பும் உண்டு. தேவன் என்னும் சொல் தமிழ் வழக்கில் பல தேவர்களுள் ஒருவனைக் குறிப்பது. அரசர்க்கும் ஒரு குலத்தார்க்கும் பட்டமாகவும் வழங்குவது. கடந்து நிற்றல், அண்மையில் நிற்றல் என்னும் இரண்டையும் அது தன்னளவில் உணர்த்துவதில்லை. தேவன் என ஒருமையிற் பெயரிட்டு, ஆர் விகுதி கொண்ட மரியாதைப் பன்மையால் வினையை முடிக்கும் நடையும் நமக்குப் பழகிவிட்டதே ஒழிய, கிறிஸ்தவரல்லாத தமிழரின் செவிக்கு இன்றும் சற்றே புதுமையானது.

லுத்தரன் சபையார் பப்ரிசியசின் மொழிபெயர்ப்பை எளிதில் கைவிடவில்லை; அவர்தம் வழிபாட்டிலும் ஞானப்பாட்டுகளிலும் பராபரன் நெடுங்காலம் வாழ்ந்தார். ஒடுகத்தூர் அமைந்த வட ஆற்காட்டுப் பகுதியின் சபை மரபோ வேறு. 1853இல் ஸ்கடர் குடும்பத்தார் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் பணியால் வளர்ந்த இச்சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. 1976 முதல் வேலூர்ப் பேராயத்தைச் சேர்ந்தவை. இச்சபைகளின் செவிக்குப் பழகியது ஐக்கிய மொழிபெயர்ப்பின் தேவனே. ஆகவேதான் தரங்கம்பாடித் தாயின் மகன் ஏறெடுத்த மன்றாட்டு, ஜவ்வாது மலையடிவாரத்தில் அந்நியக் குரலாக ஒலித்தது.

6. பழைய பொருள் புதிய சொல்லில்

வரலாறு இத்துடன் முடியவில்லை. 1889இல் டேனிஷ் மிஷனைச் சேர்ந்தவராகத் தமிழகம் வந்து, பின்னர்ப் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியின் முதல்வராக விளங்கிய லார்சன், திருமறைத் திருத்தப் பணியில் தம் இறுதிக் காலத்தைச் செலவிட்டார். அவருக்குப் பின் மோனகன் அப்பணியைத் தொடர்ந்தார். 1956ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பில் தேவன் என்பதற்கு ஈடாகக் 'கடவுள்' என்னும் சொல் இடம்பெற்றது. சபைகள் அப்பதிப்பைப் பரவலாக ஏற்கவில்லை. ஆயினும் 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் அதே சொல்லைக் கைக்கொண்டது.

கடவுள் என்பது பண்டைத் தமிழ்ச்சொல். நூலின் முகப்பில் கடவுள் வாழ்த்துப் பாடுதல் நம் இலக்கிய மரபு. எல்லாவற்றையும் கடந்தும் உள்ளும் நிற்பவர் என மக்கள் அதற்குப் பொருள் விரித்துரைப்பர். மொழிநூலார் அவ்விளக்கம் முழுவதையும் ஒப்பாவிடினும், மக்கள் உள்ளத்தில் அச்சொல் தரும் பொருள் அதுவே. அப்பொருளை நாம் முன்னரே கண்டிருக்கிறோம் அல்லவா? அப்பாலும் இப்பாலும் ஆனவர் என்பதே பராபரன். வடமொழி உடையில் வேப்பேரியில் நுழைந்து, 1871இல் வெளியேறிய அதே பொருள், தமிழ் உடை உடுத்தி மீண்டும் நம் வாசலில் நிற்கின்றது. புதுமை என்று சிலர் அஞ்சியது, நம் பாட்டன்மார் வேதத்தில் வாசித்ததே.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து போதகரும் மாணவரும் கொள்ளத்தக்கது யாது? பழைய சொல்லை மீண்டும் அரியணை ஏற்றவேண்டும் என்பதன்று. மொழி நகர்ந்துவிட்டது, இளந்தலைமுறைக்குப் பராபரன் என்பது இன்று பொருள் விளங்காத ஒலி. ஒரு சொல் வழக்கொழிதல் குற்றமாகாது. ஆனால் அது எதைக் கூறியது என்பதையே மறத்தல் குற்றம். உன்னதத்தில் வாசம்பண்ணுகிறவர் நொறுங்குண்டவரோடும் வாசம்பண்ணுகிறார் என ஏசாயா 57ஆம் அதிகாரம் உரைக்கும் செய்தியும், வார்த்தை மாம்சமாகி நம் நடுவே தங்கினார் என யோவான் அறிவிக்கும் மறைபொருளும் பரத்தையும் அபரத்தையும் ஒன்றாகக் காண்பவை. எப்பெயரால் அழைத்தாலும் இவ்விரண்டில் ஒன்றை விட்டுவிடுகின்ற போதனை குறையுடையதே.

மற்றொன்று. ஒரு சொல்லைத் திருத்துமுன் அச்சொல்லால் மன்றாடியவர்களைக் கேட்டறிதல் வேண்டும். வேதநாயக சாஸ்திரியாரின் குரலை அன்று கேளாதிருந்தது போலவே, ஒடுகத்தூர் முதியவரின் மன்றாட்டைத் திருத்தப் புறப்படும் ஆர்வம் நம் எல்லாரிடமும் உண்டு. அவருடைய நாவில் அச்சொல் வெறும் பெயரன்று. தரங்கம்பாடியிலிருந்து ஜவ்வாது மலைவரை ஒரு தாய் சுமந்து வந்த விசுவாசம் அது.

இவ்வளவையும் அம்மாணவரிடம் ஒரு மாலையில் விரிவாகக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அடுத்த முறை போகும்போது அவரோடு சேர்ந்து அப்படியே செபிக்கலாமா, ஐயா?" என்று கேட்டார். அவ்வாறே செய்வோம் என்றேன். ஆனால் நாங்கள் மீண்டும் அங்குச் சென்றபோது அவர் ஆண்டவரிடம் சேர்ந்துவிட்டார் என அறிந்தோம். அவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அம்மாணவரே மன்றாட்டை ஏறெடுத்தார். "பராபரனே" என்று தொடங்கினார். அங்கிருந்தோரில் எவரும் திகைக்கவில்லை.